பாளை வீடு குரூப்: செல்வி அத்தைக்கு லேப்டாப்

காலை 7:05 ராஜம்: [படம்]

7:09 பிரியா: அம்மாவை நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணுறாங்க. மூட்டு நல்லா இருக்கு. ஆறு வாரம் வீட்டோட இருக்கணும். டிவி வேண்டாமாம், சீரியல் பார்த்தா பிரஷர் ஏறுதாம். "அந்தச் சீட்டு கேமைப் போட்டுக் குடு"ன்னு நேத்துல இருந்து ஒரே பாட்டு. யார்கிட்டயாவது சும்மா கிடக்கிற லேப்டாப் இருக்கா?

7:10 முருகன்: சந்தோஷம்

7:10 ராஜம்: எல்லாம் நெல்லையப்பர் புண்ணியம்

7:11 அருண்: எந்த சீட்டு கேம் மதினி

7:11 பிரியா: ஃப்ரீசெல். ஆபீஸ்ல மத்தியானம் விளையாடுவாங்கல்ல

7:12 சங்கர்: மத்தியானம் மட்டுமா

7:14 அருண்: என் பழைய லேப்டாப் இருக்கு. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். பேட்டரி போச்சு, சார்ஜர் சொருகியே இருக்கணும்

7:15 பிரியா: போதும்டா

7:19 கார்த்தி: பிரியா, அதுல பழைய ஃப்ரீசெல் இருக்காது. விண்டோஸ் 8லயே பழைய சீட்டு கேம் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. ஸ்டோர்ல சாலிட்டேர் கலெக்‌ஷன்னு ஒண்ணு இருக்கு. க்ளாண்டைக், ஸ்பைடர், ஃப்ரீசெல், ட்ரைபீக்ஸ், பிரமிட் அஞ்சும் ஒரே ஆப்புல வரும். இலவசம்தான், ஆனா நடுவுல விளம்பரம் ஓடும். அத்தைக்கு அது சரியா வராது. ஆறு வாரத்துக்கு நான் ஒண்ணு சொல்லுறேன். ஸ்டார்டியூ வேலி. விவசாய கேம். எரிக் பரோன்னு ஒரே ஆள் படம், இசை, கோடு எல்லாம் தனியா பண்ணி 2016 பிப்ரவரில விட்டார். அவசரம் இல்ல, சாவு இல்ல. அருண் லேப்டாப்ல தாராளமா ஓடும். ஒரு தடவை காசு கட்டினா சரி, விளம்பரம் கிடையாது. வாங்கி இறக்கின பிறகு நெட்டும் வேண்டாம்.

7:20 முருகன்: நீளம்

7:20 அருண்: அண்ணே அத்தை கேட்டது சீட்டு

7:22 சங்கர்: நிஜ வயலையே வித்தாச்சு. கம்ப்யூட்டர்ல விவசாயமா

7:22 முருகன்: அத்தான் அத இங்க பேச வேண்டாம்

7:23 ராஜம்: நாளைக்கு ராத்திரி சாப்பாடு யார் கொண்டு போறா? நான் இட்லி மாவு ஆட்டிட்டேன்

7:24 பிரியா: பெரிய அத்தை நீங்களே கொண்டு வாங்க. சாம்பார் இங்க இருக்கு

7:31 கார்த்தி: சங்கர் மாமா, சும்மா கேளுங்க. ஒரு பருவம் 28 நாள். நாலு பருவம் ஒரு வருஷம். காலை 6 மணிக்கு நாள் ஆரம்பிக்கும், ராத்திரி 2 மணிக்குள்ள படுக்கணும். நிஜத்துல ஒரு நாள் ஏறக்குறைய 14 நிமிஷம். பிசியோ ஆள் வந்தா மெனுவைத் திறந்தா போதும், கடிகாரம் நின்னுடும். ஆனா கம்ப்யூட்டர்ல சேவ் ஆகுறது படுக்கும்போது மட்டும்தான். நடுவுல மூடினா அன்னைக்குச் செஞ்ச வேலை அத்தனையும் போச்சு. புதுசா ஆரம்பிக்கிறவங்க கொந்தளிக்கிற இடம் இது. 2 மணி தாண்டினா மயங்கி விழுவாங்க, கையில இருக்கிற காசுல பத்துல ஒரு பங்கு போகும், அதிகபட்சம் 1000.

7:32 முருகன்: மயங்கி விழுறதா. ஆஸ்பத்திரியில இருந்து வாரவளுக்கா

7:33 அருண்: 😂😂

7:38 பிரியா: கார்த்தி அத்தான், அம்மாவுக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்க. ராத்திரி நான்தானே கூட முழிச்சுக் கிடக்கணும். போன்ல வருமா?

7:39 கார்த்தி: வரும்! ஆண்ட்ராய்டுல 2019ல இருந்து இருக்கு. இரு, எழுதுறேன்

7:39 அருண்: போச்சு

7:58 கார்த்தி: ஆரம்பத்துல பண்ணை வகை கேட்கும். சாதா பண்ணையை எடு, இடம் நிறைய. இல்ல புல்வெளிப் பண்ணையை எடு, கோழிக்கூடும் ரெண்டு கோழியும் முதல் நாளே இருக்கும். வைல்டர்னஸ் பண்ணையில ராத்திரி பேய் மாதிரி ஜந்து வரும், வேண்டாம். கடற்கரைப் பண்ணை பார்க்க அழகு, ஆனா மணல்ல ஸ்பிரிங்க்ளர் (தானா தண்ணி தெளிக்கிறது) வைக்க விடாது, அதனால தினமும் குடத்தைத் தூக்கணும். ஓய்வுக்கு விளையாடுறவங்க அதை எடுக்கக் கூடாது. கையில 500 காசு. சாதா பண்ணைன்னா 15 பார்ஸ்னிப் விதை இனாம். முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு, 4 நாள்ல வரும். விதை 20, வித்தா 35. மிச்சக் காசுக்கு பியேர் கடையில இன்னும் விதை வாங்கு. புதன்கிழமை அவன் கடை லீவு, மறந்துட்டு போய் கதவைத் தட்டுறவங்கதான் அதிகம். முதல் வருஷம் 3ஆம் நாள் கட்டாயம் மழை. அன்னைக்குத் தண்ணி ஊத்த வேண்டாம், பெலத்தை மரம் வெட்டச் செலவு பண்ணு.

7:59 பிரியா: சரி

8:00 முருகன்: புதன்கிழமை நம்ம தெரு மெடிக்கலும் லீவு பிரியா. மாத்திரையை இன்னைக்கே வாங்கு

8:01 பிரியா: ஐயோ ஆமா. தேங்க்ஸ் சின்ன மாமா

8:09 கார்த்தி: தண்ணிக்குடம் விஷயம் முக்கியம். அதைப் பெருசாக்க க்ளின்ட் பட்டறையில 2000 காசும் 5 செம்புக் கட்டியும் குடுக்கணும், ரெண்டு நாள் வச்சுக்குவான். கண்ட நாள்ல குடுத்தா ஒரு நாள் பயிர் காயும். கேம் வீட்டுல இருக்கிற டிவியில வானிலை பாரு. நாளைக்கு மழைன்னு சொன்னா இன்னைக்குக் காலையில தண்ணி ஊத்திட்டு, சாயங்காலம் 4 மணிக்குள்ள குடத்தைக் குடு. மறுநாள் மழையே பார்த்துக்கும். அதுக்கு அடுத்த நாள் 9 மணிக்கு வாங்கிட்டு வந்து ஊத்து. ஒரு நாள்கூட வீணாகாது.

8:10 சங்கர்: இந்த அறிவை ஊர்ல காட்டியிருக்கலாம்

8:11 கார்த்தி: மாமா

8:12 ராஜம்: சங்கரு, காலையில காபி குடிச்சியா இல்லையா

8:15 அருண்: அண்ணே ஸ்ட்ராபெரி சொல்லு. அதை எல்லாரும் சொதப்புவாங்க

8:21 கார்த்தி: ஆமா. வசந்தம் 13 முட்டைத் திருவிழா. அங்க மட்டும்தான் விதை, ஒண்ணு 100. திருவிழா முடிஞ்சு வீட்டுக்கு வரும்போது ராத்திரி 10. அப்பவே நட்டு தண்ணி ஊத்தணும், அதுக்கு மண்ணைக் காலையிலயே கொத்தி வச்சிருக்கணும். 8 நாள்ல முதல் காய், அப்புறம் 4 நாளைக்கு ஒருக்க. 21, 25ன்னு ரெண்டு அறுப்பு கிடைக்கும். மறுநாள் நட்டாலும் 22, 26, அதே ரெண்டுதான், பதற வேண்டாம். ஆனா 16 தாண்டினா ஒரே அறுப்பு, ஒரு காய் 120, விதைக்காசுதான் தேறும். நிதானமா விளையாடுறவங்க விதையைப் பெட்டியில போட்டுட்டு அடுத்த வருஷம் வசந்தம் 1ஆம் தேதி நடுவாங்க: 9, 13, 17, 21, 25, அஞ்சு அறுப்பு. பருவம் மாறுற அன்னைக்குக் காலையில பழைய பயிர் பூராவும் பட்டுப்போகும், 28ஆம் தேதியே பறிச்சுடு.

8:22 பிரியா: இது கணக்கு வாத்தியார் வேலைல்ல இருக்கு அத்தான். ரிலாக்ஸ்னு சொன்னீங்க

8:24 கார்த்தி: முதல் தடவைதான் கணக்கு. மூணாவது தடவை புதுப் பண்ணை போடுறவங்களுக்கு எதுவும் யோசிக்க வேண்டாம், கை தானா போகும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப விளையாடுறாங்க. மழை எப்ப, கடை எப்ப, யாருக்கு என்ன பிடிக்கும்னு எல்லாம் தெரியும்.

8:25 முருகன்: காக்கா வருமா

8:27 கார்த்தி: வரும் சித்தப்பா! விவசாயம் லெவல் 1 ஆனா சோளக்கொல்லை பொம்மை செய்யலாம். 50 மரம், 1 கரி, 20 நார். சுத்தி எட்டு கட்டம் வரைக்கும் காக்கும். மீன் பிடிக்கிறதுதான் எரிச்சல், பச்சைப் பட்டையை மீனோடயே வச்சுப் பிடிக்கணும். வில்லி கடையில 25 காசுக்குப் பழகுற தூண்டில் இருக்கு, பட்டை பெருசா இருக்கும். சாதா மீன்தான் வரும், பரவாயில்ல.

8:28 முருகன்: தாமிரபரணியில தூண்டிலே வேண்டாம், துண்டு போதும்

8:40 செல்வி: எல்லாம் படிச்சேன். எனக்கு வயல் வேண்டாம். ராஜா தலையைத் திருப்பி திருப்பி பார்ப்பாரே அந்த ஃப்ரீசெல் வேணும்

8:40 பிரியா: அம்மா போனை வைங்க. டாக்டர் ரவுண்ட்ஸ்

8:41 ராஜம்: செல்வி 🙏 கால் வலி எப்படி இருக்கு

8:41 செல்வி: பரவாயில்ல மதினி. மாவு புளிச்சிருச்சா

8:49 கார்த்தி: அத்தை, அந்த ராஜா இருந்தது பழைய விண்டோஸ் எக்ஸ்பியில. மவுஸ் போற பக்கம் முகத்தைத் திருப்புவார். எக்ஸ்பி இருந்த பழைய கம்ப்யூட்டர் கிடைச்சா அதை எடுத்துடலாம். சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 ஃபோல்டர். அதுல ஃப்ரீசெல் ஃபைலும் கார்ட்ஸ்னு ஒரு டிஎல்எல் ஃபைலும் இருக்கும். ரெண்டையும் பென் டிரைவ்ல எடுத்து அருண் லேப்டாப்ல ஒரே ஃபோல்டர்ல போட்டா விண்டோஸ் 10லயும் ஓடும். கார்ட்ஸ் ஃபைலை விட்டுட்டா திறக்கவே திறக்காது. ஹெல்ப் பக்கம் வராது, அது அத்தைக்குத் தேவையும் இல்ல. பென் டிரைவை ஃபேட் 32ல ஃபார்மேட் பண்ணு, எக்ஸ்ஃபேட்னா பழைய எக்ஸ்பிக்குத் தெரியாது. நெட்ல கண்ட சைட்ல இருந்து "பழைய விண்டோஸ் கேம்ஸ்"னு இறக்காதீங்க, கூடவே என்னென்னமோ ஏறும். தாத்தா பி.எஃப். காசுல 2003ல வாங்கின சிபியு எங்க இருக்கு?

8:50 சங்கர்: நல்ல கேள்வி

8:50 பிரியா: அப்பா வேண்டாம்

8:55 முருகன்: இந்த செய்தி நீக்கப்பட்டது

8:56 அருண்: எங்க பரண்ல இருக்கு

8:56 முருகன்: அருணு

8:57 சங்கர்: பழைய இரும்புக்குப் போட்டாச்சுன்னு சொன்னதா ஞாபகம்

8:58 ராஜம்: சண்டை வேண்டாம். செல்விக்கு வேணுங்கிறது கிடைச்சா சரி

9:03 முருகன்: மானிட்டர்தான் போட்டது. சிபியு இருக்கு. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை

9:04 அருண்: பவர் பட்டன் அமுக்கினா பீப் வருது, வேற ஒண்ணும் வரலை அண்ணே. போன தீபாவளிக்கு டிரை பண்ணேன்

9:12 கார்த்தி: ராமைக் கழட்டி முனையை ரப்பரால தேச்சு மறுபடி அழுத்திப் போடு. பாதி நேரம் அதுதான். தேதி தப்பா காட்டினா உள்ள இருக்கிற காசு பேட்டரி செத்திருக்கும், சிஆர் 2032, கடிகாரக் கடையில கிடைக்கும். எதுக்கும் எழும்பலைன்னா ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழட்டு. அது 40 பின் ஐடிஇ, அகலமான சாம்பல் பட்டை ஒயர். அதை யுஎஸ்பியில சொருக ஒரு கன்வெர்ட்டர் வாங்கணும், வாங்கும்போது தனி பவர் அடாப்டரோட இருக்கான்னு பாரு. யுஎஸ்பி பவர்ல மூணரை இன்ச் டிஸ்க் சுத்தாது, டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும், டிஸ்க் போச்சுன்னு நினைச்சுடாதே. டிஸ்க் பின்னாடி ஜம்பர்னு ஒரு குட்டிச் சொருகி இருக்கும், அது மாஸ்டர்ல இருக்கணும்.

9:13 அருண்: மானிட்டர் எங்க?

9:13 கார்த்தி: உங்க வீட்டு டிவியில விஜிஏ ஓட்டை இருக்கும்ல

9:14 முருகன்: அதுல பால் உருட்டுற கேம் ஒண்ணு இருந்ததே

9:18 கார்த்தி: பின்பால் சித்தப்பா. ப்ரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் என்டி, பின்பால். அந்த ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணுங்க. 64 பிட்டுக்கு மாத்தும்போது பந்து எதுலயும் முட்டாம ஊடுருவிப் போச்சாம். வெளியாள்கிட்ட வாங்கின கோடு, உள்ள ஒரு குறிப்பும் இல்ல, யாராலும் கண்டுபிடிக்க முடியலை. அதனால எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவுலயே எடுத்துட்டாங்க. பழைய 32 பிட் ஃபைல் இன்னைக்கும் ஓடும்.

9:19 முருகன்: அப்ப எனக்கும் ஒரு காப்பி

9:26 செல்வி: நான் ஜெயிச்ச கணக்கு அதுல இருக்கா? 70 சதம் தாண்டி வச்சிருந்தேன்

9:29 கார்த்தி: அந்தக் கணக்கு ரெஜிஸ்ட்ரின்னு விண்டோஸோட உள் பதிவேட்டுல இருக்கும் அத்தை, ஃபைலோட வராது. புதுசா ஆரம்பிக்கணும். டச்பேட்ல விளையாடாதீங்க, பிரியா ஒரு மவுஸ் வாங்கு. சீட்டுல டபுள் கிளிக் பண்ணினா மேல இருக்கிற நாலு அறையில காலியா இருக்கிறதுக்கு நேரா போகும். ரைட் கிளிக்கை அமுக்கிப் பிடிச்சா அடியில மறைஞ்ச சீட்டு தெரியும்.

9:30 செல்வி: அது தெரியும்

9:33 கார்த்தி: காலி அறை எத்தனையோ அதோட ஒண்ணு கூட்டினா அத்தனை சீட்டை ஒரே மூச்சுல நகர்த்தலாம், காலி வரிசை ஒண்ணு இருந்தா அது இரட்டிப்பு. நாலு அறையும் நிரம்பினா ஒத்தைச் சீட்டுதான்

9:33 செல்வி: அதுவும் தெரியும். ஆசு, ரெண்டு எங்க கிடக்குன்னு முதல்ல பார்க்கணும். அறையில ராஜாவை வச்சா அவ்வளவுதான்

9:34 சங்கர்: வாத்தியாருக்கே வாத்தியார்

9:36 அருண்: அத்தை எஃப்3 அமுக்கினா நம்பர் கேட்கும்ல? 11982 போடாதீங்க. முதல் 32,000 ஆட்டத்துல ஜெயிக்கவே முடியாதது அது ஒண்ணுதான்

9:37 கார்த்தி: எக்ஸ்பியில பத்து லட்சம் ஆட்டம், அதுல மொத்தம் எட்டு. இந்த 11982தான் ரொம்ப பிரபலம், எத்தனையோ பேர் மாத்தி மாத்திப் பார்த்துட்டாங்க

9:41 செல்வி: 11982. எழுதி வச்சிருக்கேன்

9:41 பிரியா: அம்மா!!

9:50 ராஜம்: அருணு, பரண்ல ஏறும்போது என் அஞ்சு லிட்டர் குக்கர் இருக்கான்னு பாரு. அதுவும் உங்க வீட்டுலதான் இருக்கு

9:52 முருகன்: 🤐

9:58 பிரியா: அருண் லேப்டாப்பை எப்ப கொண்டு வார? நாளைக்கா?

10:20 அருண்: ராம் தேச்சுப் பார்த்துட்டு சொல்லுதேன் மதினி. சனிக்கிழமையா இருக்கலாம்

10:21 கார்த்தி: பிரியா புல்வெளிப் பண்ணையா சாதாவா?

10:34 பிரியா: கோழி இருக்கிறது