இடைசெவல் போய் வந்தேன், நம் ஊர்ப் பெயர்கள் பற்றி ஒரு யோசனை

அண்ணாச்சிமார், மதினிமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன ஜூனில் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது ஒருநாள் ஒதுக்கி இடைசெவல் போயிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் ரோட்டில், கயத்தாறுக்கு முன்னாலேயே வந்துவிடும். கல்யாணம், சடங்கு என்று எத்தனை தடவை அந்த வழியாகப் போயிருப்போம், ஒருதரம்கூட இறங்கிப் பார்த்ததில்லை.

எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கு. அழகிரிசாமியும் பிறந்து வளர்ந்த ஊர் அது. சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். பின்னாளில் இரண்டு பேருக்குமே சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, அழகிரிசாமிக்கு 1970-இல், கி.ரா.வுக்கு 1991-இல். அழகிரிசாமி 1970 ஜூலையிலேயே இறந்துவிட்டார், 47 வயதுகூட நிறையவில்லை.

நான் போனபோது மேகாத்து, அதான் மேல்காற்று, அடித்துக்கொண்டிருந்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. கரிசல் காடு முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமான கி.ரா.வுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்ததும் இந்த மண்ணில்தான். வேப்பமரத்து நிழலில் இருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் கையை நீட்டி அந்தப் பிஞ்சை, இந்தப் பொழி, அந்தக் கம்மாய்க்கரை என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயரோடு சொல்லிக்கொண்டே போனார், எனக்கு மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் நம் ஊர்க்காட்டுக்கு அப்படி நாலு பெயர்கூட என்னால் சொல்ல முடியாது.

அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்கும், அப்புறம் பத்திரிகை வேலைக்கு மலேயாவுக்கும் போனவர். அதாவது நம்மைப்போல வெளியே போனவர். கி.ரா. பல காலம் ஊரிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டு இருந்தார், எழுத வந்ததே முப்பது வயதுக்கு மேல்தான். இரண்டு பேருக்கும் நடுவில் கடிதங்கள் ஓடின, அழகிரிசாமி எழுதியவை புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஊரில் இருந்த கி.ரா., சம்சாரிகள் (விவசாயிகள்) வாயிலிருந்து விழுந்த சொற்களை விடாமல் சேர்த்து, கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி கொண்டுவந்தார். படப்பு, பருத்திமார், தார்க்குச்சி என்று நம் தாத்தாக்கள் பேசிய பேச்சு அச்சில் ஏறியது அப்படித்தான். பெரிய படிப்புப் படித்தவரில்லை அவர், காது கொடுத்துக் கேட்டார், எழுதி வைத்தார்.

நம் ஊர்ச் சங்கத்தில் இந்த வருஷம் கோயில் மதிலுக்கு வெள்ளையடிக்கிற பேச்சு நடக்கிறது. சரி, அது நடக்கட்டும், நானும் என் பங்கைத் தருகிறேன். கூடவே இதையும் செய்வோம். ஊரில் இருக்கிற பெரியவர்களுக்குப் போன் போடும்போது பத்து நிமிஷம் கூடுதலாகப் பேசி, காட்டின் பெயர், கிணற்றின் பெயர், ஓடையின் பெயர், அவர்கள் வாயில் வருகிற பழைய சொற்கள் எல்லாவற்றையும் அவர்கள் குரலிலேயே பதிந்து எனக்கு அனுப்புங்கள், நான் தொகுத்துத் தட்டச்சு செய்கிறேன். எண்பது தாண்டியவர்களிடம் முதலில் கேளுங்கள், போன வருஷம் மட்டுமே மூன்று பேரை இழந்திருக்கிறோம்.

அம்மாவிடம் கேட்டு இதுவரை பதினெட்டுப் பெயர் எழுதியிருக்கிறேன். ஊருணிக்கு வடக்கே, இரட்டைப் பனை நின்ற பிஞ்சைக்கு மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. யார் வீட்டிலாவது கேட்டுச் சொல்லுங்கள்.