வேப்பம்பலகை மேசை நடுவில் புடைத்துவிட்டது, எப்படி நிமிர்த்துவது?

மகளின் படிப்பு மேசைக்காக நானே செய்த பலகை, நடுவில் முதுகு தூக்கி நிற்கிறது. எழுதும்போது நோட்டு ஆடுகிறது.

ஊர் பட்டுக்கோட்டை. 2018 கஜா புயலில் எங்கள் கொல்லையில் சாய்ந்த வேம்பு இது. அடுத்த ஆண்டே அறுத்து, பலகைகளைக் கொட்டகைப் பரணில் காயப்போட்டோம். அதனால் ஈரமரம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டு வரைபடம் ஒன்றைப் பார்த்து, மார்கழி மழையின்போது ஐந்து பலகைகளை வெள்ளைப் பசையால் பக்கவாட்டில் ஒட்டினேன். நீளம் 4 அடி, அகலம் 2 அடி, கனம் 1 அங்குலம். மேல்புறம் மட்டும் மூன்று முறை வார்னிஷ் அடித்தேன். அடிப்புறத்தை அப்படியே விட்டுவிட்டேன். கீழ்ச்சட்டத்தோடு எட்டு திருகுகள் போட்டு இறுக்கினேன்.

சித்திரையில் கோளாறு தொடங்கியது. குறுக்கே மட்டக்கோலை வைத்தால் இரு ஓரத்திலும் 4 மி.மீ. இடைவெளி. மூன்றாவது, நான்காவது பலகைகளுக்கு நடுவே ஒரு முனையில் பசை விட்டு, அஞ்சலட்டை நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கிறது.

திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. அடிப்புறம் ஈரத்துணி விரித்து, மேலே இரண்டு சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி நான்கு நாள் வைத்தேன். நிமிர்ந்தது, மூன்றாம் நாளே பழையபடி வளைந்துவிட்டது. இழைப்புளியால் சீவினால் கனம் போய்விடும் என்று தொடவில்லை. தாத்தா நட்ட மரம், வீணாக்க மனம் வரவில்லை.

பசைக் கோட்டிலேயே அறுத்துப் பிரித்து மறுபடி ஒட்டுவதா, அல்லது பிரிக்காமலே நிரந்தரமாக நிமிர்த்த வழி இருக்கிறதா?