கட்சி மாறினால் வெளியுறவுக் கொள்கையும் மாறுமா? விவாதத்துக்கு உதவி வேண்டும்

புனலூர் மீட்டர்கேஜ்:
அடுத்த ஞாயிறு எங்கள் வாசகசாலையில் விவாதம், தலைப்பு மேலே இருப்பதுதான். "மாறும்" என்கிற பக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது. எதிரே பேசப் போவது ரிட்டயர்டு சரித்திர வாத்தியார், அதனால் கொஞ்சம் உதறல். 2024 தேர்தல் அறிக்கைகளைப் புரட்டினேன். பாஜக ஐநா பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் என்கிறது, காங்கிரஸ் மாலத்தீவு உறவைச் சரிசெய்வோம் என்கிறது, மார்க்சிஸ்டுக்கு அமெரிக்காவோடு ராணுவக் கூட்டே ஆகாது. தாளில் எல்லாம் வேறு வேறுதான், ஆட்சிக்கு வந்த பிறகு நிஜமாக என்ன மாறியது என்று கேட்டால்தான் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. நாம் கொடுக்கிற உதவி, வாங்குகிற உதவி, யாரோடு சேர்கிறோம், எதில் வேண்டுமானாலும் சரி, உதாரணம் சொல்லுங்கள். கூட்டத்தில் பாதி தமிழ், பாதி மலையாளம், அதனால் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பிடிபடுகிற விஷயமாக இருந்தால் நல்லது.

கோட்டைவாசல்:
அண்ணே, உங்கள் பக்கம் கஷ்டம்தான். வாத்தியார் முதலில் 2018 கேரள வெள்ளத்தைத்தான் எடுப்பார். அமீரகம் 700 கோடி தருகிறது என்று முதல்வர் பினராயி சொன்னார், டெல்லி வேண்டாம் என்றது, அப்புறம் அமீரகத் தூதர் தொகை எதுவும் முடிவாகவில்லை என்றார், இங்கே டீக்கடைக்கு டீக்கடை பாஜகவைத் திட்டினார்கள். ஆனால் வெளிநாட்டு அரசுகளிடம் பேரிடர் உதவி வாங்குவதில்லை என்கிற வழக்கம் 2004 சுனாமியின்போது மன்மோகன் சிங் காலத்தில் வந்தது. டெல்லியும் 2018இல் அதையே காட்டித் தப்பித்துக்கொண்டது. அதாவது காங்கிரஸ் போட்ட கோட்டில் பாஜக நடந்தது, காங்கிரஸ்காரர்கள் அதை எதிர்த்துக் கத்தினார்கள்!

ஒரு இடைவெளி மட்டும் உண்டு. 2016இல் மோடி அரசே வெளியிட்ட தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில், ஒரு நாடு தானாக முன்வந்து நல்லெண்ணத்தோடு கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. எழுதி வைத்ததும் அவர்களே, வேண்டாம் என்றதும் அவர்களே. இதை வைத்து கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

ரப்பர்பால்:
குளத்தூப்புழைப் பக்கம் இருந்துகொண்டு இதற்கு வெளியே உதாரணம் தேடுகிறீர்களா தம்பி? என் தாத்தா கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். மண்டபம் முகாமில் இறங்கும்போது கையில் இருந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் கிடக்கிறது, இப்போது அதில் கோழித் தீவனம்.

அந்தத் தோட்டத்துத் தமிழர்கள் இலங்கையின் பொறுப்பு, கூட்டமாக இங்கே அனுப்புவதை ஒப்ப முடியாது என்பதுதான் நேருவின் நிலை. அவர் 1964 மே மாதம் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் சாஸ்திரி இலங்கைப் பிரதமர் சிறிமாவோடு கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்றார். முடிவு செய்யாமல் மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி இலங்கையோடு சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி தொடங்கினார்கள், தேயிலைக்காரர்கள் ரப்பர் வெட்டப் பழகினார்கள். இதெல்லாமே காங்கிரஸ் ஆட்சி. கட்சி மாறவே இல்லை, ஆள் மாறியதும் கொள்கை தலைகீழானது. உங்கள் தலைப்புக்கு இது உதவுமா தெரியாது, வாத்தியார் கையில் கிடைத்தால் உங்களுக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று. போருக்குப் பின் இலங்கையில் 50,000 வீடுகள் என்று ஆரம்பித்தது மன்மோகன் அரசு. 2017இல் மோடி தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்துக்கே போய், அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 என்று அறிவித்தார். இதில் கட்சியைத் தேடினால் கிடைக்காது.

அச்சன்கோவில் மழை:
வெளிநாட்டு உதாரணம் ஒன்று. என் தங்கை இங்கிலாந்தில் நர்ஸ், அங்கே இதே சண்டை நடக்கிறது. ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கென்று தனித் துறையை 1997இல் உண்டாக்கியது லேபர் கட்சி. 2020இல் கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் ஜான்சன் அதை வெளியுறவுத் துறைக்குள் கரைத்தார், அடுத்த வருஷம் உதவியை நாட்டு வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கினார். சரி, லேபர் நல்லவர்கள் என்று முடிவுகட்டலாமா? 2024இல் பழையபடி 0.7க்குப் போவோம், நிதிநிலை இடம் கொடுக்கட்டும் என்று சொல்லி ஜெயித்தார்கள். 2025 பிப்ரவரியில் லேபர் பிரதமர் ஸ்டார்மர், ராணுவத்துக்குப் பணம் வேண்டும், 2027இல் உதவி 0.3தான் என்றார். வெளியுறவுத் துறைக்குள் வளர்ச்சியைக் கவனித்த மந்திரி அனலீஸ் டாட்ஸ் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். வேடிக்கை என்னவென்றால் 0.7ஐ முதலில் எட்டியது கன்சர்வேடிவ் கேமரன் தலைமையிலான கூட்டணி அரசு.

கட்சி பேசுவதை விட்டுவிட்டு பட்ஜெட் கணக்கைப் பாருங்கள். நம் வெளியுறவுத் துறைக்கு 2025-26இல் ஒதுக்கியது 20,516 கோடி, அதில் பூட்டானுக்கு மட்டும் 2,150 கோடி, இலங்கைக்கு 300 கோடி. பக்கத்து வீட்டுக்கு முதலில் என்பது எல்லா ஆட்சியிலும் உள்ளதுதான்.

ஆரியங்காவு அக்கா:
எல்லோரும் சேர்ந்து தம்பியைத் தோற்கடிக்கப் பார்க்கிறீர்கள். பாலஸ்தீனத்தை எடு தம்பி. அதைத் தனி நாடாக 1988இல் ராஜீவ் காலத்திலேயே ஏற்றுக்கொண்டோம். இஸ்ரேலோடு முழு தூதரக உறவு 1992இல் வந்தது, அதுவும் நரசிம்ம ராவ், காங்கிரஸ்தான், மறைக்க வேண்டாம். ஆனால் இந்தியப் பிரதமர் ஒருவர் முதல்முறையாக இஸ்ரேலுக்குப் போனது 2017இல், மோடி. 2023 அக்டோபரில் காசாவில் சண்டையை நிறுத்தச் சொல்லி ஐநா பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது, காங்கிரசும் மார்க்சிஸ்டும் கொதித்தார்கள். டிசம்பரில் வந்த தீர்மானத்துக்கு ஆதரவாகப் போட்டது, அதையும் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வாத்தியார் சொல்வார். கொடுக்கிற பணத்தில் கட்சி தெரியாது, யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்பதில் தெரியும்.

புனலூர் மீட்டர்கேஜ்:
அக்கா, காப்பாற்றினீர்கள். பாலஸ்தீனத்தில் ஆரம்பித்து 2018 வெள்ளத்துக்கு வருகிறேன், அந்த 2016 திட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். ரப்பர்பால் அண்ணே, சாஸ்திரி கதையை அவர் எடுத்தால் என்ன பதில் சொல்வது? ஞாயிறு சாயங்காலம் சும்மா இருந்தால் வந்து முன்வரிசையில் உட்காருங்கள், கேள்வி நேரத்தில் நீங்களே எழுந்தால் அவர் அந்தப் பக்கம் வரமாட்டார்.