1.8 டெராபைட் தரவுக் கிடங்கு: தினமும் முழு பேக்கப் கட்டுப்படியாகவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். வீட்டு உபயோகப் பொருள் மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் தரவுத்தளங்களைக் கவனித்துவருகிறேன். குளச்சல் முதல் ஆரல்வாய்மொழி வரை உள்ள ஒன்பது கிளைகளின் பில்லிங் தரவு, இரவு 11 மணிக்குமேல் போஸ்ட்கிரெஸ் 15 என்ற தரவுத்தள மென்பொருளில் உள்ள கிடங்கில் (எல்லாக் கிளைத் தரவையும் அறிக்கைக்காகச் சேர்த்துவைக்கும் தரவுத்தளம்) ஏறத் தொடங்கி அதிகாலை இரண்டரைக்குள் முடிந்துவிடும். பகலில் யாரும் அதில் எழுதுவதில்லை, அறிக்கை மட்டும் எடுப்பார்கள். ஏற்றம் முடிந்ததும் பிஜி-டம்ப் (உள்ளடக்கத்தைக் கோப்பாக எழுதித் தரும் போஸ்ட்கிரெஸ் கருவி) மூலம் முழு நகல் எடுத்து, அதே அறையில் உள்ள நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) வைத்துவந்தோம். இப்போது அந்த வேலை காலை பத்து மணியைத் தாண்டியும் ஓடுவதால், ஸ்டாக் அறிக்கை திறக்க நேரமாகிறது என்று கொள்முதல் பிரிவிலிருந்து தினமும் அழைப்பு வருகிறது.

ஒரு நாள் தரவு போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு நாளுக்குமேல் அறிக்கை இல்லாமல் ஓட்ட முடியாது என்பது முதலாளியின் நிலை. கணக்குப் பிரிவில் ஒருவரோ, மூலத் தரவு கிளைகளில்தானே இருக்கிறது, கிடங்குக்கு எதற்கு பேக்கப் என்கிறார். அதற்கும் என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் 1 (மார்த்தாண்டம்)

கணக்குப் பிரிவுக்காரரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முறையைத் தீர்மானிக்கப்போவது அதுதான். கிளைக் கணினிகளில் எத்தனை மாதத் தரவு உண்மையில் மிச்சம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். வேகம் குறைகிறது என்று பழைய பில்களை யாராவது அழித்திருக்கலாம். ஒரு குக்கரின் விலை மாறும்போது பழைய விலையின் மேலேயே புதியதை எழுதிவிடும் பில்லிங் மென்பொருள்கள் உண்டு. உங்களுடையது அந்த வகை என்றால், எந்தத் தேதியில் எந்த விலை இருந்தது என்ற வரலாறு கிடங்கைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. அதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

விற்பனை அட்டவணை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்யப்பட்டிருக்கும், அதாவது மாதத்துக்கு ஒரு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் முடிந்துபோன மாதங்களை ஒருமுறை டம்ப் எடுத்து, சரிபார்த்து, இரண்டு இடங்களில் வைத்துவிட்டால், அவற்றைத் தினமும் மறுபடி எடுக்கத் தேவையில்லை. இரவில் எடுக்க வேண்டியவை கடைசி இரண்டு மாதங்களும் பொருள், விலை, வாடிக்கையாளர் அட்டவணைகளும் மட்டுமே. பழைய மாதங்களில் எவரும் கைவைக்காமல் பூட்ட வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்குப் பார்ட்டிஷனில் எழுதும் அனுமதியைப் பறித்தால் போதாது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் தாய் அட்டவணை வழியாக எழுதும்போது போஸ்ட்கிரெஸ் தாய் அட்டவணையின் அனுமதியை மட்டுமே பார்க்கும். பழைய பார்ட்டிஷன்மீது எழுத்தை மறுக்கும் ஒரு டிரிகர் (எழுத முயலும்போது தானாக இயங்கும் நிரல்) வையுங்கள்.

பதில் 2 (தக்கலை)

மேலே சொன்னது எடுப்பதற்குச் சரி. மீட்பதற்கு எவ்வளவு நேரமாகும்? டம்பிலிருந்து மீட்டால் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் துணை அமைப்பு) அனைத்தையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். கோப்பு நிலையில் எடுத்த நகலில் இண்டெக்ஸும் சேர்ந்தே வருவதால், 1 ஜிகாபிட் இணைப்பில் 1.8 டெராபைட்டை நகர்த்தக் கணக்குப்படி நான்கு மணி நேரம் போதும். போஸ்ட்கிரெஸ் 17-இல், கோப்பு நிலை நகல் எடுக்கும் பிஜி-பேஸ்பேக்கப் கருவிக்கே இன்கிரிமென்டல் வசதி வந்துவிட்டது; ஞாயிறு முழு நகல், மற்ற நாள்களில் மாறிய பிளாக்குகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பதிப்பை உயர்த்துவதற்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

ஆனால் நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலைபார்த்த இடத்தில் இரவு ஏற்றம் வேகமாக முடியட்டும் என்று ஒருவர் 'சரக்குத் திருப்பம்' அட்டவணையை அன்லாக்டு (மாற்றங்களைப் பதிவேட்டில் எழுதாத) வகையில் உருவாக்கியிருந்தார். மீட்டுப் பார்த்தபோது அட்டவணை இருந்தது, பத்திகளும் வரிசை மாறாமல் இருந்தன, உள்ளே ஒரு வரிகூட இல்லை. அன்லாக்டு அட்டவணையின் உள்ளடக்கம் பேஸ்பேக்கப்பில் சேராது. உங்களிடம் அப்படி எத்தனை இருக்கின்றன என்று இன்றே பாருங்கள்.

அடுத்தது இடம். 2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் அடித்தபோது எங்களின் ஒரு நகல் நாகர்கோவிலிலும் இன்னொன்று மார்த்தாண்டத்திலும் இருந்தன. தரவு எதுவும் அழியவில்லை, ஆனால் இரண்டு ஊரிலும் பல நாள் மின்சாரம் இல்லாததால் இரண்டு நகலும் ஒரேநேரத்தில் பயன்படாமல் போயின. இரண்டாவது நகல் மாவட்டத்துக்கு வெளியே, மும்பையில் உள்ள கிளவுடிலோ திருநெல்வேலி அலுவலகத்திலோ இருக்கட்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பு நூறும் முழுமையாகக் கிடைத்தாலும் 1.8 டெராபைட் போய்ச்சேர 40 மணி நேரம் ஆகும்; பூட்டிய பழைய மாதங்களை ஒருமுறை மட்டும் அனுப்புவது அங்கேதான் கைகொடுக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பழைய சர்வர் ஒன்றில் டம்பை மீட்டுப் பார்த்தேன். மொத்தம் 19 மணி நேரம். அதில் 11 மணி நேரம் இண்டெக்ஸுக்கே போயிற்று. புது சர்வர் வாங்கும் நேரத்தையும் சேர்த்தால் முதலாளி சொன்ன ஒரு நாளில் நிச்சயமாக முடியாது. குலசேகரம் கிளையில் பதினெட்டு மாதத்துக்கு முந்தைய பில் ஒன்றுகூட இல்லை என்பதும் தெரியவந்தது. தக்கலை அண்ணன் சொன்ன அன்லாக்டு அட்டவணைகள் எங்களிடமும் மூன்று இருக்கின்றன, அவற்றில் ஒன்று விலை வரலாறு! அதை அன்றே மாற்றிவிட்டேன். 17-க்கு மாறி உள்ளூரில் கோப்பு நிலை நகலும், வெளியூருக்கு மாதவாரி டம்பும் என்று முடிவு செய்திருக்கிறோம். வெளியே போவதை என்கிரிப்ட் செய்யும்போது கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

பதில் 1 (மார்த்தாண்டம்)

அந்த நாஸ் பெட்டியிலும் சர்வரிலும் மட்டும் வைத்துவிடாதீர்கள். தாளில் எழுதி, உறையில் ஒட்டி, முதலாளியின் வங்கி லாக்கரில் ஒன்றும் மாவட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் ஒன்றும் கொடுத்துவையுங்கள். அடுத்த சோதனை மீட்பின்போது நீங்கள் மனப்பாடமாகத் தட்டாமல், அந்த உறையைப் பிரித்து அதிலுள்ளபடியே தட்டிப் பாருங்கள்.