கொத்தாமல் விதைத்தவர்கள் சொல்லுங்கள்: மலையில் விளைச்சல் எப்படி?

கவுஞ்சிக்காரர் (கொடைக்கானல் மேல்மலை):
எங்கள் பக்கம் பூண்டு, பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு. போகத்துக்குப் போகம் மண்ணைக் கொத்திப் பொடியாக்கித்தான் விதைப்போம். ஒரு கனமழை வந்தால் அந்தப் பொடிமண் ஓடையோடு போய்விடும். அதனால் படிக்கட்டு வயலில் ஒரு படியை மட்டும் கொத்தாமல் விட்டேன். பூண்டு பிடுங்கிய இடத்தில் களையையும் வரப்புப் புல்லையும் அறுத்துப் பரப்பி, குச்சியால் குழி குத்தி பீன்ஸ் ஊன்றினேன்.

முதல் போகம் பார்க்கச் சகிக்கவில்லை. முளைப்பே தாமதம். சமவெளியில் இப்படிப் புல், சருகு பரப்பி மூடாக்கு போட்டால் மண் குளிரும், பயிருக்கு நல்லது என்பார்கள். இங்கே மண் ஏற்கெனவே குளிர்ந்துதானே கிடக்கிறது! அப்புறம் இலை வெளுத்தது. காய்ந்த புல் மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கிற தழைச்சத்தை முதலில் தின்றுவிடும், பயிருக்கு மிச்சம்தான் வரும். கோழி எரு கூடுதலாகப் போட்ட பிறகு தேறியது. காய் பக்கத்துப் படியைவிடக் குறைவு. களை எடுக்கும் கூலியும் ஏறியது. வீட்டில் பேச்சு வாங்கினேன், அது தனிக் கதை.

அடுத்த போகமும் பெரிய மாற்றம் இல்லை. சில வருஷம் போன பிறகுதான் மண் மாறியது. கையால் அள்ளினால் உருண்டை உருண்டையாக வருகிறது, மண்புழு இருக்கிறது, மழைத் தண்ணீர் நின்ற இடத்திலேயே இறங்குகிறது. இப்போது சாதாரண வருஷத்தில் இரண்டு படியிலும் விளைச்சல் ஏறக்குறைய சமம். மழை தள்ளிப்போனால் கொத்தாத படிதான் தாங்குகிறது.

கேத்தி விவசாயி (நீலகிரி):
அண்ணா, பீன்ஸுக்குச் சரி. கேரட்டுக்கு என்ன செய்வீர்கள்? மண் இறுகியிருந்தால் கேரட் கவையாகப் பிளக்கும், மண்டியில் அதைக் கழித்துப் போடுவார்கள். கிழங்குக்கு மண் அணைக்காவிட்டால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். தோண்டாமல் கிழங்கு எடுக்கவும் முடியாது. வங்காளத்துக் கடலோரத்தில் கிழங்கை மண்மேல் வைத்து வைக்கோலால் மூடி வளர்க்கிறார்கள். அங்கே நெல் வைக்கோல் வயலிலேயே கிடக்கிறது. நமக்கு லாரி வாடகை கொடுத்துக் கீழிருந்து வர வேண்டும்.

இன்னொன்று உறைபனி. காய்ந்த மூடாக்கு இருந்தால் பகலில் மண் சூடு பிடிக்காது, ராத்திரி மண்ணின் வெப்பமும் மேலே வராது, செடி சீக்கிரம் கருகும். ஜனவரியில் நான் மூடாக்கை ஒதுக்கிவிடுவேன். உழாத நிலத்தில் தப்புக்கிழங்கு (போன போகத்தில் மண்ணில் விடுபட்ட கிழங்கு) முளைத்தால் உடனே பிடுங்குங்கள். 1961-ல் நீலகிரியில் கண்டுபிடித்த முட்டைக்கூடு நூற்புழு, அதாவது உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் புழு, அதில் பெருகும். நான் செய்வது பாதி வழி: கிழங்கு தோண்டும்போது மண் புரண்டதே போதும் என்று, பவர் டில்லர் ஓட்டாமல் அடுத்து பட்டாணி ஊன்றிவிடுகிறேன்.

கோத்தகிரி:
2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு கொண்டுவந்த மழையைப் பார்த்தவர்களுக்கு விளைச்சல் கணக்கு இரண்டாம்பட்சம். மலையே சரிந்தால் கொத்தாத நிலமும் போகும், அதற்கு இது மருந்தில்லை. ஆனால் வருஷா வருஷம் கரையும் மேல்மண்ணுக்கு மருந்துதான்.

வேளாண் மாணவி, ஊட்டி:
கவுஞ்சி ஐயா சொன்ன முதல் வருஷச் சரிவு உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 2015-ல் ‘நேச்சர்’ இதழில் 610 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. 48 பயிர், 63 நாடு. உழவைக் கைவிட்டால் சராசரியாக 5.7 சதவீதம் விளைச்சல் குறைகிறது. ஆனால் பயிர்க்கழிவை நிலத்திலேயே விட்டு, பயிர் மாற்றியும் செய்தால் வறண்ட மானாவாரி நிலத்தில் 7.3 சதவீதம் கூடுகிறது. உழவை மட்டும் நிறுத்திவிட்டுப் பயிர்க்கழிவை மாட்டுக்குப் போட்டால் பலன் இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. இதை அப்படியே ஊட்டிக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கே ஈரம் அதிகம், நிலமும் சரிவு. மழை குறைந்த பக்கத்துக்குத்தான் இது அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். புளிப்பு மண்ணுக்குப் போடும் சுண்ணாம்பையும் மறக்காதீர்கள். கொத்தாவிட்டால் அது மேலேயே தங்கிவிடும், முதலிலேயே கலந்துவிட்டு அப்புறம் உழவை நிறுத்துவது நல்லது.

தாண்டிக்குடி (கீழ்மலை):
எங்கள் காபித் தோட்டத்தில் வளர்ந்த செடிக்கடியில் மண்ணை ஆழமாகக் கொத்துவதே இல்லை. களையை வெட்டிப் போட்டுவிடுவோம், சில்வர் ஓக், கல்யாண முருங்கை இலை மேலே விழும். இடையில் பீன்ஸ் நேரடியாக ஊன்றுகிறோம், நன்றாகவே வருகிறது. தொல்லை காட்டுப்பன்றிதான். மூடாக்குக்கடியில் மண்புழு பெருத்ததும் மோப்பம் பிடித்து வந்து, நாங்கள் உழாததை எல்லாம் அதுவே உழுதுவிட்டுப் போகிறது. யாராவது வழி கண்டிருந்தால் சொல்லுங்கள்.

கவுஞ்சிக்காரர்:
கேத்தித் தம்பி சொல்வது நியாயம்தான். கேரட் படியில் நான் கை வைக்கவில்லை, அது பழையபடி கொத்துதான். பீன்ஸ், பட்டாணிக்கு மட்டும் கொத்தாமல் விடுகிறேன். பூண்டுக்கு மேலாக ஒரு கொத்து போதும், ஆழமாகப் போக வேண்டாம். பன்றிக்கு எங்களிடமும் வழியில்லை. இங்கே கூடவே காட்டுமாடு வேறு.