புதுப்பிப்பு: கிளிநொச்சிப் புதுவீட்டுச் சுவர் ஈரம், காரணம் இரண்டு

சென்ற மாரியில் எங்கள் புதிய சீமெந்துக்கல் வீட்டின் படுக்கையறைச் சுவர் அடியில் உப்புப் பூத்ததையும், மேல்மூலையில் கரும்பூஞ்சணம் படர்ந்ததையும் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

சுவரின் மேற்பகுதியிலும் அடியிலும் பொலித்தீன் துண்டுகளை நாற்புறமும் இறுக ஒட்டிப் பார்க்கச் சொன்ன அன்பரின் யோசனையே வழிகாட்டியது. மேலே ஒட்டியதன் அறைப்பக்கத்தில் நீர்த்துளிகள் தோன்றின. அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது என்பது தெளிவாயிற்று. கீழே ஒட்டியதன் பின்பக்கம் நனைந்திருந்தது. அது சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம்.

நாங்கள் எதிர்பாராதது, முற்றத்தை உயர்த்தக் கொட்டிய கிரவல் நில ஈரம் மேலேறாதபடி சுவரின் அடியில் இடப்படும் ஈரத்தடுப்புப் படையையே மூடியிருந்தமை. அப்படை வெளிநிலத்திலிருந்து 150 மில்லிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டுமென்பதால், கிரவலை வெட்டியகற்றி, மழைநீர் வழிந்தோட வாய்க்கால் எடுத்து, உப்பேறிய பூச்சைக் கொத்தி, சுவர் நன்கு உலர்ந்த பின்னரே மீண்டும் பூசினோம். உட்புறம் நீர்புகா வர்ணம் அடிக்கும் யோசனையைத் தவிர்த்தோம்; அது ஈரத்தைச் சுவருக்குள்ளேயே அடைத்துவிடும். இந்த மாரியில் அடிச்சுவர் காய்ந்தே இருக்கிறது.

மேல்மூலைக்காக அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, அறைக்குள் துணி உலர்த்துவதை நிறுத்தி, மழை விட்ட வேளைகளில் எதிரெதிர் யன்னல்களைத் திறந்து வைக்கிறோம். பூஞ்சணம் பெரிதும் குறைந்துள்ளது. குளியலறையை ஒட்டிய மூலையில் மட்டும் இன்னும் சிறிது தெரிகிறது.