காம்7 எங்கே, டிடிஒய்யுஎஸ்பி0 எங்கே: ஃபர்ம்வேர் ஏற்றிப் பட்ட பாடு

ஈஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகையில் ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் நிரல், ஏற்ற ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதி வைத்திருந்தேன். என் லினக்ஸ் மடிக்கணினியில் இரண்டு ஆண்டுகள் பிசகாமல் ஓடியது. ஒரு பயிலரங்கில் பன்னிரண்டு பேரிடம் கொடுத்த அன்று சாயம் வெளுத்தது.

மேக் வைத்திருந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே பிழை. அங்கே இருப்பது பாஷின் 3.2 பதிப்பு, நான் கையாண்டிருந்த வசதியோ 4.0இல்தான் வந்தது. விண்டோஸ்காரர் ஒருவர் கோப்பைத் திறந்து சேமித்து, பக்கத்து லினக்ஸ்காரருக்குக் கொடுத்தார். 'பேட் இன்டர்பிரெட்டர்' என்று நின்றுவிட்டது. வரிதோறும் முடிவில் விண்டோஸ் பாணியில் கண்ணுக்குத் தெரியாத சிஆர் என்ற வரிமுடிவு எழுத்து ஒட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தலைவலி, பலகையைச் செருகியதும் கணினி அந்தப் போர்ட்டுக்கு (இணைப்புக்கு) வைக்கும் பெயர். எனக்கு டிடிஒய்யுஎஸ்பி0, இன்னொருவருக்குக் காம்7, மேக்கில் சியூ என்று தொடங்கும் நீண்ட பெயர். அன்றிரவே அனைத்தையும் பைதானில் திருப்பி எழுதினேன். பலகையில் ஃபர்ம்வேரை ஏற்றும் ஈஎஸ்பிடூல் கருவியே பைதான் நிரல்தான். அதை நிறுவியவரிடம் பைதான் இல்லாமலா போகும்? இது உறைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள்! இப்போது பைசீரியல் என்ற பைதான் நூலகம் தரும் போர்ட் பட்டியலில் பெயரைப் பார்ப்பதில்லை, யுஎஸ்பி அடையாள எண்ணைத்தான் பார்க்கிறேன். 1ஏ86:7523 என்றால், பலகையை யுஎஸ்பியில் இணைக்கும் சிஎச்340 சில்லு. எந்த இயங்குதளத்திலும் அது மாறாது.

மறுமொழி 1

எண் மாறாததாலேயே நான் மாட்டிக்கொண்டேன் ஐயா. உபுண்டு 22.04இல் பலகையைச் செருகினால் போர்ட் ஒரு நொடி தோன்றி மறையும். கேபிளை மாற்றினேன், பலகையை மாற்றினேன், போர்ட்டைத் தொட அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்ந்தேன். பயனில்லை. கடைசியில் கர்னல் (இயங்குதளக் கரு) பதிவில் விடை கிடைத்தது: பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல். ஒரு பிரெயில் கருவிக்கும் இதே 1ஏ86:7523தான். என் பலகையை அதுவென்று எண்ணிப் பிடித்துக்கொண்டது. என் கணினியில் அந்த நிரலை நீக்கிவிட்டேன். பொதுக் கணினியில் அப்படிச் செய்யாதீர்கள், இந்த எண்ணைக் கண்டால் பிடித்துக்கொள்ளச் சொல்லும் அந்த ஒரு விதியை மட்டும் முடக்குங்கள். அதை நம்பி ஒருவர் இருக்கக்கூடும்.

மறுமொழி 2

இரண்டு பலகைகளைச் சேர்த்துச் செருகிப் பார்த்ததுண்டா? சிஎச்340இல் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் தனி வரிசை எண் பெரும்பாலும் கிடையாது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல் தெரியும். என் ஸ்கிரிப்ட் முதலில் அகப்பட்டதில் ஏற்றியது. அது தண்ணீர்த் தொட்டியின் மோட்டாரை நிறுத்தும் பலகை. இப்போது ஒன்றுக்கு மேல் கண்டால் எதையும் தொடாமல் 'எது?' என்று கேட்கிறது. மொட்டை மாடி முழுக்க வழிந்த தண்ணீரை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.